சாலையோரத்து வெறும் பாத்தி

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கச் சம்பளம் வாங்கியவள் நான். அதில் கொஞ்ச காலம் பார்த்த வேலையை மட்டும் என் சொந்தபந்தத்துக்கு இன்றுவரை விளக்க முடிந்ததில்லை. மாட்டுத் தீவனப் புல்லுக்கு உரம் போட்டு, அந்த மண்ணிலிருந்து வரும் காற்றைப் பிடித்து, சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன் என்று சொன்னால், என் நாத்தனார் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "இதுக்குப் போயா சம்பளம் குடுத்தாங்க?" செந்துறைப் பக்கம் எனக்குக் 'காத்து பிடிக்கிற அம்மா' என்றே பெயர். அதைக் கேள்விப்பட்ட ஒருவர், காத்து கருப்பு ஓட்டுகிறவள் போலிருக்கிறது என்று தன் மச்சினனை ஜீப் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த மச்சினனுக்கு வெறும் காய்ச்சல்தான். நாங்களே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டோம்.

ஓய்வு பெற்றபின் கீழப்பழுவூரில் எங்கள் வீட்டோடு இருக்கிறேன். போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து நிவேதா போன் செய்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆராய்ச்சியாளர். சின்ன வயது, நல்ல பெண்.

"மேடம், புது மெஷின் வந்திருக்கு. மண்ணு மேல வெச்சா அங்கயே நம்பர் காட்டுது. நீங்கல்லாம் சிரிஞ்சுல உறிஞ்சி எடுத்தீங்களாமே, அது எப்படின்னு எழுதிக் குடுக்குறீங்களா? பழைய அளவையும் புது அளவையும் வெச்சுப் பாக்கணும்."

எழுத உட்கார்ந்தேன். எப்படி எடுத்தோம் என்பது அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பதை அவள் கேட்கவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு இதை மட்டும் கொடுப்பது உப்பில்லாப் பண்டம் கொடுப்பதாகும் என்று தோன்றியது. அதனால் இது.

வேளாண்மைப் பட்டயம் படித்து, விதை ஆபீஸில் கொஞ்ச நாள், உரக்கட்டுப்பாட்டில் கொஞ்ச நாள் என்று தேய்ந்துவிட்டு, தொழில்நுட்ப உதவியாளராகத் தீவனப்பயிர் ஆராய்ச்சிக்கு மாற்றலாகி வந்தேன். அதுவரை நான் கற்றது எல்லாம் மேலதிகாரி வரும்போது எழுந்து நிற்பதும், அவர் போனபின் உட்காருவதும்தான். வேலை என்று ஒன்றைக் கற்றது தணிகாசலம் சாரிடம்.

அவர்தான் அந்தத் திட்டத்துக்கு எங்கள் மாவட்ட விஞ்ஞானி. ஒல்லியான மனிதர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாம் ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால் திட்டமாட்டார். நம் கண் முன்னாலேயே அதை முதலிலிருந்து அவரே ஒரு தடவை செய்வார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்றிருக்கும். யார் எந்தக் கணக்கைச் சொன்னாலும், "எந்த மழைக்கு அப்புறம்?" என்று கேட்பார். கல்யாண வீட்டில் ஒருவர் தன் மாடு கூடுதலாகப் பால் கறக்கிறது என்று பெருமை பேசியதற்கும் அதையேதான் கேட்டார்.

இன்னொரு பழக்கம் உண்டு. வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் புல்லுக்குள் இறங்குவார். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகுமுன் வாளித் தண்ணீரில் காலைக் கழுவுவார். ஒரு பாத்தியின் உரம் கால் வழியாக இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்பது கணக்கு. நாங்களும் கழுவ வேண்டும். வேடிக்கை பார்த்தவர்கள், "என்ன சார், கோயிலுக்கா போறீங்க?" என்று கேட்டால் சிரித்துக்கொள்வார். எனக்குக் குதிகால் வெடிப்பு அப்போது வந்ததுதான், இன்றும் போகவில்லை.

நிவேதா கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஓர் இரும்புச் சட்டம். மேல்விளிம்பில் சுற்றிலும் விரல் அகலத்துக்குப் பள்ளம் இருக்கும். அதைப் புல் தூர்களுக்கு நடுவே, பாதி மண்ணில் இறங்கும்படி அடித்துவைத்துவிட வேண்டும். பிறகு அசைக்கக் கூடாது. வெயில் ஏறிவரும் காலை நேரத்தில் போய், பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் பெட்டியைக் கவிழ்க்க வேண்டும். தண்ணீர் நிற்பதால் உள்ளிருக்கும் காற்று வெளியே கசியாது. பெட்டியின் தலையில் ரப்பர் அடைப்பான். அதில் ஊசியைக் குத்தி, கவிழ்த்த உடனே ஒரு சிரிஞ்சு காற்று, சற்று நேரம் விட்டு இன்னொன்று, மறுபடி விட்டு இன்னொன்று. உள்ளே வாயு எவ்வளவு கூடிக்கொண்டு போகிறது என்று பார்த்தால், மண் எவ்வளவு விடுகிறது என்பது தெரிந்துவிடும். மழை பெய்த மறுநாள் கட்டாயம் எடுக்க வேண்டும். ஈரத்தில்தான் மண் அதிகம் விடும்.

அந்த வாயுவின் பெயர் நைட்ரஸ் ஆக்சைடு. உரத்தில் இருக்கும் தழைச்சத்தில் புல் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மாற்றிக் காற்றில் விடுவது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேலே போனபின் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வலு அதற்கு. புல்லுக்கு மூட்டை மூட்டையாக யூரியா வீசும் காலம் இது. எந்த உரத்தைப் போட்டால் புல்லும் குறையாது, வாயுவும் குறையும் என்று இந்த மண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும். தணிகாசலம் சார் ஓய்வு பெறுவதற்குள் முடிக்க நினைத்த காரியம் அது ஒன்றுதான். முதல் வருட முடிவு ஒழுங்காக வந்தால்தான் அடுத்த வருடத்துக்கு அனுமதி என்று மேலிடம் சொல்லியிருந்தது.

வேப்பந்தட்டை, கீழப்பழுவூர், செந்துறை என்று மூன்று இடத்தில் விவசாயிகள் நிலத்தையே எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றிலும் நாலு நீளப் பாத்தி. ஒன்றுக்குச் சாதா யூரியா, ஒன்றுக்கு வேப்பெண்ணெய் தடவிய யூரியா, ஒன்றுக்கு அமோனியம் சல்பேட். நாலாவதுக்கு ஒன்றும் கிடையாது. அதற்கு வெறும் பாத்தி என்று பெயர். உரமே போடாத மண் தானாக எவ்வளவு வாயு விடுகிறது என்று தெரிந்தால்தான், உரத்தால் கூடியது எவ்வளவு என்று கழித்துப் பார்க்க முடியும். வெறும் பாத்தி தப்பானால் மற்ற மூன்றும் தப்பு.

வேப்பந்தட்டையில் எங்களை ஒரு நாள் ஊரே வளைத்துக்கொண்டது. நிலத்துக்கடியிலிருந்து எரிவாயு எடுக்க ஆள் வந்திருக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பெட்டி, ஊசி, குப்பி எல்லாம் கையும் களவுமாகப் பிடிபட்டன. "இன்னிக்குச் சிரிஞ்சுல எடுப்பீங்க, நாளைக்குக் குழாய் போட்டு எடுப்பீங்க" என்று ஒரு பெரியவர் ஜீப் முன்னால் உட்கார்ந்துவிட்டார். சார் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, பெட்டியை அவர் கையில் கொடுத்து, மண்ணையும் உரத்தையும் மழையையும் பற்றிப் பொறுமையாகச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெரியவர், "அப்போ எங்க யூரியாவ நாங்க காசு குடுத்து வாங்கி வானத்துக்கு அனுப்புறோம்னு சொல்றீங்க" என்றார். "அதேதாங்க" என்றார் சார். எங்கள் திட்ட அறிக்கையில் இவ்வளவு தெளிவாக ஒரு வரி கிடையாது.

எங்கள் கீழப்பழுவூரில் சுண்ணாம்பு மண். அங்கே யூரியா போட்டு மேலோட்டமாகத் தண்ணீர் விட்டால் மறுநாள் அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும். அது வேறு வாயு, வேறு நட்டம். சாருக்கு அதிலும் ஒரு கண் இருந்தது. ஆனால் என் கதை செந்துறைக்குப் போக வேண்டும்.

செந்துறையில் எங்களுக்கு நிலம் கொடுத்தவர் அஞ்சலை. முப்பது வயதைத் தாண்டியிருப்பார். கணவர் சிமெண்ட் லாரி ஓட்டிக்கொண்டு வாரத்தில் பாதி நாள் வெளியூரில். இவர் மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தார். அஞ்சலையின் அப்பா அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. எந்த வயலில் சின்ன வயதில் கூலிக்குக் களை எடுத்தாரோ, அந்த வயலையே அஞ்சலை வாங்கியிருந்தார். பஸ் போகும் ரோட்டை ஒட்டிய நிலம். நேப்பியர் புல் ஆள் உயரம் நிற்கும். ரோட்டில் போகிற யாரும் ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் போகமாட்டார்கள். பார்க்க வேண்டும் என்றுதான் அவரும் அப்படி வைத்திருந்தார்.

நாலு பாத்தியில் எது எங்கே வர வேண்டும் என்பதை நாங்கள் இஷ்டத்துக்கு முடிவு செய்யக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். சார் எல்லா ஊரிலும் நிலத்துக்காரர்களையே எடுக்கச் சொல்வார். அஞ்சலை எடுத்த முதல் சீட்டில் வெறும் பாத்தி ரோட்டோரத்துக்கு வந்துவிட்டது.

"சார், இத மட்டும் கெணத்துப் பக்கம் மாத்தி வெச்சுக்கங்களேன்" என்றார் அஞ்சலை.

"மாத்தக் கூடாதும்மா. உங்க கைதான எடுத்துச்சு."

"அதென்ன சார் கணக்கு? நாலு புள்ளையில ஒண்ணுக்கு மட்டும் சோறு போடாம விடுவாங்களா?"

"சாப்பிடாத புள்ள எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தாம்மா மத்ததுங்க சாப்பிட்டது உடம்புல ஒட்டுச்சான்னு சொல்ல முடியும்."

அஞ்சலை கையிலிருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அதப் பாக்கணும்னா நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப எங்க தெருவுக்கு வந்திருக்கலாமே சார்" என்றார். சார் அந்தச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மாற்றவில்லை.

இரண்டு அறுப்புக்குள் மூன்று பாத்தியும் கருகருவென்று எழுந்து நிற்க, ரோட்டோரப் பாத்தி மஞ்சள் அடித்துச் சோகை பிடித்து நின்றது. எங்களுக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம். ஆராய்ச்சி சரியாகப் போகிறது என்று அர்த்தம். அஞ்சலை அந்தப் பக்கமே திரும்பாமல் எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுப்பார். அந்த நிலத்தை அஞ்சலைக்கு விற்றவர் தினமும் அதே ரோட்டில் பைக்கில் போவார். "நெலம் வாங்கத் தெரிஞ்சவளுக்கு வெள்ளாமை வெக்கத் தெரியலையே" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தாராம். இதை அஞ்சலை எங்களிடம் சொல்லவில்லை. எங்கள் ஜீப் டிரைவர் டீ குடிக்கப் போன இடத்தில் கேட்டுவந்து சொன்னார். இரண்டு வருடம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பொறுத்துக்கொள்ள வேண்டியது எங்கள் மானம் இல்லை, அதனால் எளிதாகப் பேசினோம்.

கோடையில் நாங்கள் ஒரு வாரத்துக்கு மேல் வேப்பந்தட்டையில் இருந்தோம். திரும்பி வந்தபோது செந்துறையில் நல்ல இடிமழை பெய்து ஓய்ந்திருந்தது. வெறும் பாத்தி துளிர்த்துப் பச்சை கட்டியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"என்ன அஞ்சலை, இந்தப் பக்கமும் பச்சையா இருக்கு?"

"இடி மழ பெஞ்சுச்சுல்லக்கா. இடி இடிச்சா பயிரு கறுக்குந்தானே."

கறுக்கும்தான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது அது. மின்னல் காற்றிலுள்ள தழைச்சத்தை மழையோடு மண்ணில் இறக்கும் என்று புத்தகத்திலும் அதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு நான் வழக்கம்போல் பெட்டியைக் கவிழ்த்து, காற்றை எடுத்து, குப்பிகளை அனுப்பிவைத்தேன்.

ஆய்வுக்கூடத்திலிருந்து கணக்கு வந்தபோது பார்த்தால், எல்லாவற்றிலும் அதிகமாக வாயு விட்டது வெறும் பாத்திதான். யூரியா போட்ட பாத்தி அதற்குக் கீழே. ஆபீஸே என் மேல் பாய்ந்தது. குப்பியை மாற்றி ஒட்டிவிட்டேன் என்றார்கள். நான் சண்டைக்காரி, வந்த கோபத்தில் எல்லோர் முன்னாலும், "என் புருஷன் பேர வேணா மாத்திச் சொல்வேன், குப்பிய மாத்த மாட்டேன்" என்று கத்திவிட்டேன். சார் மட்டும் ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

செந்துறையில் இறங்கியதும் செருப்பைக் கழற்றினார். வெறும் பாத்திக்குள் மெல்ல நடந்தார். ஒரு தூருக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து, எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். ஆட்டுப் புழுக்கை. மழையில் ஊறி, மறுபடி காய்ந்து, மண்ணோடு ஒட்டியிருந்தது. கொத்திவிட்ட மண்ணுக்குள் இன்னும் நிறையக் கிடந்தது.

அஞ்சலை வரப்பில் நின்றார். ஒளிக்கவில்லை, அழவுமில்லை.

"ஒரே ஒரு ராத்திரிதான் சார். ராமநாதபுரத்துலேருந்து மந்தை ஓட்டிட்டு வர்ற கீதாரி ஆடு மேலக் கரம்புல கெடந்துச்சு. ராத்திரிக்கு ஆட்ட இங்க அடைச்சு ஒரு கிடை போடுங்கன்னு நாந்தான் சொன்னேன். காலைல கொத்திவிட்டுத் தண்ணி பாச்சிட்டேன். ரோட்டுல போறவங்க பேச்சு தாங்கல சார்."

சார் புழுக்கையை மண்ணிலேயே போட்டார். "நல்ல உரந்தாம்மா அது" என்றார். அவ்வளவுதான். வாளியில் காலைக் கழுவிவிட்டு ஏறிவந்தார்.

ஜீப்பில் சார் காலிலிருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "செல்வராணி, சீட்டு எடுத்தப்பவே அந்தம்மா கேட்டாங்க. கெணத்துப் பக்கம் மாத்தியிருந்தா குடி முழுகிப் போயிருக்காது" என்றார். விதியை விட்டு ஒரு அடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகராத மனிதர் சொன்னது அது. இன்னும் கொஞ்ச தூரம் போனபின், அவர் முகம் மாறியது. "யோசிச்சுப் பாருங்க. நம்ம மாவட்டத்துல வெறும் பாத்தின்னு ஒண்ணு எந்த விவசாயிகிட்டயாவது இருக்கா? கிடை போடுறாங்க, எரு அடிக்கிறாங்க, அதுக்கு மேல யூரியாவும் கொட்டுறாங்க. அந்தம்மா செஞ்சதுதான் நெசமா நடக்கிறது. நாம அளக்க வேண்டியது அதத்தான்."

திட்டத் தலைவர் வெளியூரில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் போனிலேயே வழி சொன்னார். செந்துறையைத் தூக்கிவிடுங்கள், பெட்டி உடைந்துவிட்டது என்று எழுதுங்கள், இரண்டு ஊர் போதும், வேம்பு தடவிய யூரியா நல்லது என்று முடித்து அனுப்புங்கள், அடுத்த வருடம் அனுமதி வாங்குவது என் பொறுப்பு.

"பெட்டி ஒடையலையே சார்" என்றார் தணிகாசலம் சார்.

போனை வைத்தபின் நானே அவரிடம் கெஞ்சினேன். அடுத்த வருடம் கிடைத்தால் கிடை போட்ட மண்ணையும் சேர்த்து அளந்துகொள்ளலாம், ஒரு வரிதானே சார் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அசதி இருந்தது. "ஒரு வரிதாம்மா. ஆனா அந்த வரி மேல நின்னுக்கிட்டு நாளைக்கு ஒரு விவசாயிகிட்ட நான் எப்படிம்மா பேசுறது?" என்றார். நடந்தது நடந்தபடி எழுதினார். கிடை போட்ட மண்ணையும் சேர்த்து இன்னும் ஒரு வருடம் அனுமதி கேட்டார்.

அனுமதி வரவில்லை. திட்டத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அவருக்கு ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருக்கும்போது தெற்கே ஒரு நெல் விதைப் பண்ணைக்கு மாற்றல் வந்தது. போவதற்குமுன் ஒரு தடவை செந்துறைக்குப் போய்வர ஜீப் கேட்டார். திட்டமே இல்லாத ஊருக்கு ஜீப் எதற்கு என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் போகவும் அவருக்கு அவகாசம் கொடுக்கவில்லை. நான் அவரை வழியனுப்பப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். கையில் ஒரு பை, அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரு வருத்தம் இருக்கும் என்றால் எனக்கு இருப்பது அந்த பஸ் ஸ்டாண்டுதான். அந்த மாதிரி ஒரு மனிதரை அப்படி அனுப்பியிருக்கக் கூடாது.

அடுத்த வாரம் அஞ்சலை அரியலூர் ஆபீஸுக்கே வந்துவிட்டார். டிரைவர் வாய் சும்மா இருக்குமா, 'உன்னாலதான் சாருக்கு மாத்தல்' என்று சொல்லிவைத்திருக்கிறார். அஞ்சலை ஒரு தூக்குவாளி நிறையப் பால் கொண்டுவந்திருந்தார்.

"என்னாலதானக்கா?"

"இல்லம்மா. சார் ஒன்ன ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருந்தாத் தேவலையே. திரும்பி வருவாராக்கா?"

அழுதுவிடுவாரோ என்று பயந்து நான், "வருவாரு, வராம எங்க போவாரு? வேல முடியலன்னு அவருதான் சொன்னாரு. வந்தா மொதல்ல ஒன் வயலுக்குத்தான் வருவாரு" என்றேன். சாவு வீட்டிலும் மாற்றல் வீட்டிலும் நாம் சொல்லும் வழக்கமான ஆறுதல்தான். சொன்னதை அன்றே மறந்தும் போனேன்.

சார் வரவில்லை. ஓய்வு பெற்றபின் பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வார். "செந்துறைப் பக்கம் மழையா?" என்று கேட்பார். நாலைந்து பொங்கல் கேட்டார். அதற்கடுத்த பொங்கலுக்கு அவர் மகன்தான் பேசினார், அப்பா போய்விட்டார் என்று. வேம்பு தடவிய யூரியா இன்று எல்லா மூட்டையிலும் வந்துவிட்டது. ஆனால் கிடை போட்ட மண்ணுக்கு மேல் எதை, எவ்வளவு போடலாம் என்று இந்தப் பக்கத்து மண்ணை அளந்து யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. இன்றும் மழை விட்டதும் புல்லுக்கு யூரியா வீசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவர் எந்த நேரத்தில் வீசக் கூடாது என்றாரோ அதே நேரத்தில்.

அதற்குப் பிறகு எனக்கு வேப்பந்தட்டைப் பக்கம் வேலை. ஒரே ஒரு தடவை செந்துறை பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். ரோட்டோரத்தில் புல் மஞ்சளாக, ஏழ்மையாகத் தெரிந்தது. அஞ்சலை வெள்ளாமையைக் கைவிட்டுவிட்டார் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலை மூடினேன். வெயில் வேறு.

போன வாரம் நிவேதா இன்னொரு தடவை போன் செய்தாள். பல வருடமாக எந்த உரமும், எருவும், கிடையும் படாத புல் நிலம் ஒன்று வேண்டுமாம். "எங்க தேடியும் கெடைக்கல மேடம்." எங்கேயும் கிடைக்காது என்று சொன்னேன். பழைய இடத்தையாவது காட்டுங்கள் என்றாள். அதனால்தான் இருவரும் காரில் செந்துறைக்குப் போனோம்.

தூரத்திலேயே தெரிந்தது. பின்னால் அஞ்சலையின் நிலம் முழுக்க ஆள் உயரத்துக்கு நேப்பியர். ரோட்டை ஒட்டிய அந்த ஒரு நீளத்துக்கு மட்டும் முழங்கால் உயரம் மெலிந்த புல். சுற்றிலும் உயரமாக வரப்புக் கட்டி, பக்கத்துத் தண்ணீர் உள்ளே வராமல் செய்திருந்தது. அஞ்சலை தலை நரைத்து வந்து நின்றார்.

"ஏன் அஞ்சலை, இத மட்டும் இப்படிப் போட்டு வெச்சிருக்க?"

"சார் வருவாருன்னு நீங்கதானக்கா சொன்னீங்க." அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். "அன்னிக்குக் கெடுத்தது போதும்னு அதுக்கப்புறம் ஒண்ணும் போடல. நேப்பியர் செத்துப் போச்சு. கொழுக்கட்டைப் புல்லு நட்டேன், அது தாக்குப் புடிச்சுக்கிச்சு. எருவு இல்ல, கிடை இல்ல. மழத் தண்ணிதான்."

"ஊருல பேசல?"

"பேசாம இருப்பாங்களா? பேசிட்டுப் போறாங்க."

புல்லுக்கு நடுவே எங்கள் இரும்புச் சட்டம் துருப்பிடித்து அதே இடத்தில் இருந்தது. அசைக்கக் கூடாது என்று சொன்னோம் அல்லவா, அசைக்கவில்லை. எந்த மஞ்சளைத் தாங்க முடியாமல் கிடை போட்டாரோ, அதே மஞ்சளை இத்தனை வருடம் ரோட்டைப் பார்க்க வைத்திருந்திருக்கிறார். நான் சும்மா சொன்ன ஒரு வார்த்தைக்காக. ஒரு பொங்கலுக்கு நான் நேரில் வந்து பார்த்திருந்தால், சார் கேட்டபோது போனில் சொல்லியிருப்பேன். மறுநாளே பஸ் ஏறி வந்திருப்பார்.

"சார் ஏங்க்கா வரல?" என்றார்.

சொன்னேன். அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதற்குள் நிவேதா மெஷினைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஏறிவிட்டாள். காலில் ஷூ. அஞ்சலை சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

"அதக் கழட்டிட்டு எறங்குங்கம்மா."

வீட்டுக்குப் போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தார். நிவேதா என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் செருப்பைக் கழற்றியிருந்தேன். இருவரும் காலைக் கழுவிக்கொண்டு இறங்கினோம். மெஷினை வைத்ததும் திரையில் நம்பர் ஓடி, குறைந்து, ஒரு இடத்தில் நின்றது. நிவேதா அதையே பார்த்துவிட்டு, "மேடம், இவ்வளவு கம்மியா நான் எங்கயும் பாத்ததில்ல. இத வெச்சுக்கிட்டுத்தான் மத்தது எல்லாத்தையும் அளக்க முடியும்" என்றாள்.

அஞ்சலைக்கு அது முழுக்கப் புரியவில்லை. என்னிடம் கேட்டார்: "இது சாருக்கு ஒதவியிருக்குமாக்கா?"

"ஒதவியிருக்கும்" என்றேன். இந்தத் தடவை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டுபோய், பாத்திக்குள் ஒரு சொட்டு விழாமல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊற்றிவிட்டு வந்தார்.